மீன் தலை எந்தப் பக்கம்

என் அக்கா வீட்டுக்காரரை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஐஸ்பெட்டி என்றால் கைக்குழந்தைக்கும் தெரியும். மோட்டார் சைக்கிளின் பின் சீட்டில் நீல நிறப் பெட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு, சின்னச் சின்ன கிளினிக்குகளில் எடுத்து வைத்திருக்கும் ரத்தக் குழாய்களை வாங்கி, பெரிய லேபில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. பெட்டியைப் பார்த்து ஐஸ் வாங்க ஓடி வரும் பிள்ளைகளிடம், மூடியைத் திறக்காமலே, "ரத்தம் இருக்கு, எத்தனை வேணும்?" என்று கேட்பார். பிள்ளைகள் வந்த வேகத்தில் திரும்பி ஓடும். அவர்களுடைய அம்மாக்கள் வந்து எங்கள் வீட்டு வாசலில் சண்டை போட்டுவிட்டுப் போவார்கள்.

சண்டை எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை. மாமாவுக்கும் அக்காவுக்கும் வாய்ச்சண்டை இல்லாமல் பொழுது விடிந்ததும் இல்லை, அடைந்ததும் இல்லை. ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டதற்கு அக்கா ஆரம்பித்தால், அவருடைய பரம்பரை முழுவதையும் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் நிற்பாள். அவரும் சளைத்தவரில்லை. சர்க்கரை டப்பாவை யார் திறந்து வைத்தது என்பதில் தொடங்கி, கல்யாணத்தன்று மேடையில் யார் முதலில் முறைத்தது என்பது வரை போவார். மாடி அறையில் குடியிருக்கும் எனக்கு ரேடியோ வாங்க வேண்டிய தேவையே வரவில்லை. அரை மணி நேரம் கழித்து இறங்கி வந்தால் இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். இடையில் புகுந்து நியாயம் சொல்லப் போன நான்தான் பல தடவை முட்டாளாகியிருக்கிறேன்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்த மாமாவின் இடது கை தானாகக் கீழே விழுந்தது. பின்னாலேயே அவரும் விழுந்தார். பக்கவாதம் என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து கைத்தடியோடு வீட்டுக்கு வந்தார். வலது பக்கம் பழையபடியே இருந்தது. இடது கால் இழுத்தது. இடது கை தோளிலிருந்து தொங்கியது, அவ்வளவுதான். வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை என்பதில் எனக்குப் பெரிய நிம்மதி. வாய் இல்லாத மாமாவை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

வண்டியை அக்கா எடுத்துக்கொண்டாள். அவளிடம் லைசென்ஸ் ஏற்கெனவே இருந்தது. லேபுக்குப் போய், "அவர் போன வழியெல்லாம் எனக்கும் தெரியும், பெட்டிய என்கிட்ட குடுங்க" என்றாள். கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் ஐஸ்பெட்டி அக்கா.

இதெல்லாம் சரிதான். சரியில்லாமல் போனது வேறொன்று. டிஸ்சார்ஜ் செய்த டாக்டர், "அவரை டென்ஷன் ஆக விடாதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தார். அந்த ஒரு வார்த்தை எங்கள் வீட்டு வாயை அடைத்துவிட்டது. அக்காவின் குரல் இருந்த இடம் தெரியாமல் இறங்கியது. மாமா தண்ணீரைக் கொட்டினால் "பரவாயில்லீங்க." சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டால் "பரவாயில்லீங்க." ஈரத் துண்டு கட்டில்மேலேயே கிடந்தது, அதற்கும் பரவாயில்லை. எனக்கே அந்தச் சொல்லைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். ஆனால் நானும் அதைத்தான் சொன்னேன்.

சொன்னதோடு விட்டோமா? அவர் செய்வதையெல்லாம் பின்னாலேயே போய்த் திருத்தினோம். அவர் கழுவிய பாத்திரத்தை அக்கா மறுபடி கழுவினாள். அவர் பூட்டிய கேட்டை நான் மறுபடி பூட்டினேன். ஒற்றைக் கையால் துணி மடிப்பார். சட்டை சட்டையாக இருக்காது, மூட்டையாக இருக்கும். "சூப்பர் மாமா" என்று வாங்கிக்கொண்டு மாடிக்குப் போய்ப் பிரித்து மடித்து வைப்பேன். மூக்குக் கண்ணாடிக் கடையில் நாள் முழுவதும் சின்னச் சின்ன ஸ்க்ரூ மாட்டுகிற கை என்னுடையது. கோணல் என்றால் கண்ணில் குத்தும். அவருக்கு இதெல்லாம் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். மாமா நாளுக்கு நாள் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தார், நாங்கள் அதை ஓய்வு என்று நினைத்தோம்.

அப்படி இருக்கும்போதுதான் வண்டியின் செயின் பேச ஆரம்பித்தது. பல் போனால் சொல் போச்சு என்பார்கள். வண்டி விஷயம் நேர்மாறு. பல் தேய்ந்த பிறகுதான் அதற்குச் சொல்லே வருகிறது. சனிக்கிழமை சாயங்காலம் அக்கா வாசலுக்குள் வண்டியைத் திருப்பினாள். கடக், கடக் என்று ஒரு சத்தம். உள்ளே நாற்காலியில் இருந்த மாமா தலையைத் தூக்கினார்.

"செயின் போச்சு," என்றார்.

கைத்தடியை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தார். குனிந்து, பின்சக்கரத்தோடு இருக்கிற பெரிய பல்சக்கரத்தின் பின்பக்கம் விரலை விட்டுச் செயினை இழுத்தார். ஒட்டி நிற்க வேண்டிய செயின் தாராளமாக விலகி வந்தது. உள்ளே பல் தெரிந்தது. ஒவ்வொரு பல்லும் ஒரு பக்கமாகச் சாய்ந்து கூராகிக் கிடந்தது.

"மேம்பாலத்துல ஏறும்போது ஒரு தடவ கடக்னு தாண்டுச்சுங்க," என்றாள் அக்கா. "வண்டி இழுக்கவே இல்ல. பின்னாடி லாரிக்காரன் ஹார்ன் அடிச்சுட்டே நின்னான்."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

எதிர்வீட்டு டெய்லர் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தார். உலகத்தில் எந்த விஷயத்துக்கும் அவரிடம் ஒரு யோசனை உண்டு. "செயினை மட்டும் மாத்துங்க, பல்சக்கரம் இன்னும் நல்லா ஓடும்!" என்றார்.

"பழைய பல்லுல புது செயினைப் போட்டா, பல்லு செயினைத் தின்னுடும்," என்றார் மாமா. "முன்னாடி சின்னது, பின்னாடி பெரியது, நடுவுல செயின். மூணும் சேந்துதான் தேஞ்சுது. மூணும் சேந்துதான் மாறணும்."

"அப்ப திங்கட்கிழமை ஒர்க்‌ஷாப்ல விட்டுடறேன்," என்றாள் அக்கா.

"எதுக்கு ஒர்க்‌ஷாப்பு? நாளைக்கு நான் மாத்துறேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். இந்த வண்டிக்கு இதுவரை வேறு எவர் கையும் பட்டதில்லை என்பது உண்மைதான். ஆனால் அது இரண்டு கை இருந்த காலம்.

"பரவாயில்லீங்க," என்று அக்கா ஆரம்பித்தாள். "நீங்க எதுக்கு சிரமப்..."

"இரு," என்றார் மாமா. கோபமே இல்லாத குரல். கோபம் இருந்திருந்தால் எங்களுக்குத் தெம்பாக இருந்திருக்கும். "ஆஸ்பத்திரியில இருந்து வந்த நாளா நான் செஞ்ச எதுலயும் ஒரு தப்பு இல்ல. பாத்திரம் சுத்தம், துணி சூப்பர், கேட்டு பூட்டு எல்லாம் சரி. அப்படித்தானே சொல்றீங்க? ஒருத்தன் செய்யறதுல தப்பே இல்லன்னா என்ன அர்த்தம்? அவன் ஒண்ணுமே செய்யலன்னு அர்த்தம். இவ மாடியில சட்டைய மறுபடி மடிக்கிறது எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? மடிப்பு எந்தப் பக்கம் வருதுன்னு பாத்தா தெரியாதா?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அக்கா கொஞ்ச நேரம் ஐஸ்பெட்டியின் வாரை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக நின்றாள்.

"சரி, மாத்துங்க," என்றாள்.

அன்றைக்கே உதிரிபாகக் கடைக்கு நானும் மாமாவும் நடந்து போனோம். கடைக்காரர் புது செட்டை எடுத்து வைத்துவிட்டு, மாமாவின் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "சார்கூட மாட்டுறதுக்கு யாரு இருக்காங்க?" என்று கேட்டார்.

"சார்கூட சார்தான் இருக்காரு," என்றேன். எனக்கும் வாய் உண்டு.

மறுநாள் காலை முன்பக்கச் சிமெண்ட் தரையில் பழைய சாக்கை விரித்து, வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்திக் கொடுத்தாள் அக்கா. அதற்கு மேல் யாரும் கிட்டே வரக்கூடாது என்பது உத்தரவு. "கேட்டா வாங்க. கேக்கலன்னா வராதீங்க." நான் மாடிப்படியில் உட்கார்ந்து பட்டாணி உரித்தேன். அக்காவுக்கு உள்ளே ஆயிரம் வேலை. ஆனால் அந்த ஆயிரம் வேலையும் அன்று வாசற்கதவு வழியாகத்தான் நடந்தன.

மாமா முன்பெல்லாம் வண்டி வேலை என்றால் குத்துக்காலிட்டு உட்காருவார். இப்போது அது முடியாது. கைத்தடியைச் சுவரில் சாய்த்து, கால் வைக்கும் கம்பியைப் பிடித்து, மெல்ல மெல்லத் தரையில் இறங்கி, காலை நீட்டி, சக்கரத்துக்குப் பக்கத்தில் படுக்காத குறையாக உட்கார்ந்தார்.

ஒரு கை இல்லாத போதுதான் தெரிகிறது, அந்தக் கை எவ்வளவு வேலை செய்துகொண்டிருந்தது என்று. வலது கை திருகும், தட்டும், பெயர் வாங்கும். இடது கை பிடித்துக்கொண்டு மட்டும் இருக்கும். பிடிப்பது ஒரு வேலையென்றே நாம் நினைப்பதில்லை. பின்சக்கர அச்சின் நட்டைக் கழற்ற அந்தப் பக்கம் ஒருவர் பிடிக்க வேண்டும். மாமா அந்தப் பக்கம் ஒரு ஸ்பேனரை மாட்டி, அதன் வால் தரையில் முட்டி நிற்கும்படி வைத்தார். இந்தப் பக்க ஸ்பேனரை வலது காலால் மிதித்தார். நட்டு கிறீச்சென்று இளகியது. சக்கரத்துக்கு அடியில் பலகையைக் கொடுத்து, அது தொப்பென்று விழாமல் ஒற்றைக் கையால் அணைத்து உருட்டி வெளியே எடுத்தார். சக்கரத்தைத் தரையில் படுக்க வைத்து, பெரிய பல்சக்கரத்தின் நட்டுகளைத் திருகப் போனால் சக்கரம் சேர்ந்து சுற்றியது. யோசித்தார். வலது கையால் தன் இடது காலைத் தூக்கிச் சக்கரத்தின்மேல் போட்டார். சக்கரம் அசையவில்லை.

"உதவாத காலுன்னு நெனச்சேன், சின்னவளே," என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "வெயிட்டுக்கு நல்லா இருக்கு."

பல நாள் கழித்து அவர் செய்த முதல் கிண்டல் அது. நான் உரித்த பட்டாணியைத் தோலிருந்த பக்கம் போட்டுவிட்டேன்.

மதியத்துக்குள் பெரியதும் மாறியது, சின்னதும் மாறியது. சக்கரம் திரும்ப ஏறியது. புதுப் பற்கள் நேராக, நறுக்கென்று நின்றன. செயினிடம்தான் வந்து மாட்டிக்கொண்டார். எண்ணெய்ப் பசையோடு இருந்த புதுச் செயினைக் கம்பிக் கொக்கியால் இழுத்து முன்பக்கத்தைச் சுற்றிக் கொண்டுவந்துவிட்டார். இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்தால்தான் இணைப்புக் கண்ணியை உள்ளே தள்ள முடியும். பிடிக்கிற கை இல்லை. ஒரு முனையை வைத்துவிட்டு மற்றதை எடுப்பதற்குள் முதலாவது வழுக்கி ஓடியது. மறுபடி எடுத்தார். மறுபடி ஓடியது. அக்கா வாசலில் துடைப்பத்தோடு நின்றாள், பெருக்கவில்லை. நான் படியிலிருந்து எழுந்தேன். மாமா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

கடைசியில் செருப்பு வைக்கும் இடத்திலிருந்து ஒரு பழைய ஷூ லேஸை எடுத்துவரச் சொன்னார். அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து கண்ணுக்கு நேராகத் தெரிந்தது செயினின் கீழ்வரிசைதான். அங்கேயே இரண்டு முனையையும் லேஸால் கோத்து, லேஸின் ஒரு நுனியைப் பல்லால் கடித்து இழுத்து, மறுநுனியைக் கையால் இறுக்கி முடிந்தார். முனைகள் நெருங்கி வந்து நின்றன. இணைப்பைத் தள்ளினார். தகட்டை வைத்தார். அது கழலாமல் இருக்க மேலே கிளிப்பைப் போட்டார்.

அந்தக் கிளிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது விரல் நுனி அளவுதான் இருக்கும். ஒரு பக்கம் மூடியும் மறுபக்கம் பிளந்தும், பார்க்க மீன் மாதிரி இருக்கும். மூடிய பக்கம் தலை, பிளந்த பக்கம் வால். செயின் ஓடுகிற திசையை மீன் தலை பார்க்க வேண்டும். மாறிப்போனால், ஓட்டத்தில் எதிலாவது வால் தட்டி விரிந்து, கிளிப் தெறித்து, செயின் கழன்று சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். அந்த நேரத்தில் வண்டியில் இருப்பவர் கதி கடவுளுக்குத்தான் தெரியும். மாமா இதைச் சொல்லிச் சொல்லி எங்களுக்கெல்லாம் மனப்பாடம். "மீன் ஹெட்லைட்டைப் பாத்து நீந்தணும்" என்பார். அன்றும் குறட்டால் அழுத்தியபடி அதையே முணுமுணுத்தார். டிக்கென்று சத்தம் கேட்டது. மாமா சிரித்தார். நான் அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

செயினின் தொய்வைப் பார்த்து, அச்சை இறுக்கி, எல்லாவற்றையும் துடைத்து முடிக்கும்போது வெளிச்சம் மங்கிவிட்டது.

"வந்து பாரு," என்று அக்காவைக் கூப்பிட்டார்.

அக்கா கதவோரம் நின்றபடியே, "ரொம்ப நல்லா இருக்குங்க," என்றாள்.

"பாக்காமலே எப்படிச் சொல்ற?"

"இருட்டிடுச்சுல்ல. காலையில வெளிச்சத்துல பாக்கறேன். வாங்க, கை கழுவுங்க."

மாமா "ம்" என்றார். சிரிப்பு போய்விட்டது. சாப்பிட்டுவிட்டு, அடித்துப் போட்ட மாதிரி தூங்கினார்.

திங்கட்கிழமை காலை நான் கடைக்குக் கிளம்பி இறங்கும்போது அக்கா வண்டியருகில் உட்கார்ந்திருந்தாள். ஐஸ்பெட்டியைக் கட்டியாகிவிட்டது. புறப்படுமுன் பழந்துணியால் செயினை ஒரு தடவை துடைப்பது அவள் வழக்கம். கையால் சக்கரத்தை மெல்லச் சுற்றிக்கொண்டே துடைத்தாள். சட்டென்று சக்கரத்தை நிறுத்தினாள். கொஞ்சம் பின்னால் சுற்றிப் பார்த்தாள். நான் குனிந்தேன்.

மேல்வரிசைக்கு வந்து நின்ற கிளிப்பில், மீன் ஐஸ்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது. வால் ஹெட்லைட் பக்கம்.

முதலில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. மாமாவாவது, மீனை மாற்றிப் போடுவதாவது. பிறகுதான் புரிந்தது. செயின் மேலே முன்பக்கமாக ஓடும். கீழே பின்பக்கமாகத் திரும்பி வரும். காலமெல்லாம் குத்துக்காலிட்டு மேல்வரிசையில் மாட்டிய மனுஷன், நேற்றுத் தரையில் உட்கார்ந்து கீழ்வரிசையில் மாட்டியிருக்கிறார். அங்கேயும் ஹெட்லைட்டைப் பார்க்க வைத்துவிட்டார். அது சுற்றி மேலே வந்தால் தலைகீழ்.

"அக்கா," என்று குசுகுசுத்தேன். "குறட்டைக் குடு. ரெண்டு நிமிஷம். நான் திருப்பிப் போட்டுடறேன். அவருக்குத் தெரியவே வேணாம்."

மாமா உள்ளே கண்ணாடி முன் தலை வாரிக்கொண்டிருந்தார். நேற்று மாமா சாக்கின்மேல் விட்டுப்போன குறடு அக்காவின் பக்கத்தில்தான் கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு கிளிப்பைப் பார்த்தாள். நான் கையை நீட்டியபடி நின்றேன். அவள் எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏங்க! இங்க வாங்க! உங்களைத்தான்!"

மதில்மேல் இருந்த காக்கை பறந்தது. நான் ஓரடி பின்னால் போனேன். அந்தக் குரலை நான் மறந்தே போயிருந்தேன்.

மாமா சீப்பைச் சட்டைப்பையில் செருகி, கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தார்.

"இது என்ன லட்சணம்? மீன் எந்தப் பக்கம் பாக்குது, சொல்லுங்க! ஊருக்கெல்லாம் மீன் தலை மீன் தலைனு பாடம் எடுக்கத் தெரியுது, மாட்டத் தெரியலையா? மேம்பாலத்துல செயின் கழண்டு நான் லாரிக்கு அடியில போயிருந்தா யாரு வந்து நிப்பா? நேத்து பூரா உக்காந்து என்ன பண்ணீங்க, தவமா பண்ணீங்க?"

"அக்கா, டாக்டர் சொன்னாரு..." என்றேன்.

"நீ சும்மா இரு!"

மாமா கம்பியைப் பிடித்துக் குனிந்தார். சக்கரத்தைத் தானே ஒரு சுற்றுச் சுற்றினார். கிளிப் கீழே போனது, மேலே வந்தது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. என்னமோ ஆகப்போகிறது என்று நான் அவர் தோளைப் பிடிக்கப் போனேன்.

"கீழ வச்சு மாட்டிட்டேன்," என்றார் மெதுவாக. "எப்பவும் மேலதானே மாட்டுவேன். கீழ செயின் திரும்பிப் போகும்ல. அது தோணவே இல்ல."

"காரணம் வேற!"

"உன்னைப் போக விட்டிருந்தா..." என்று தொடங்கினார். முடிக்கவில்லை. கிளிப்பை விரலால் ஒரு தடவை தடவினார். பிறகு நிமிர்ந்தார். நிமிர்ந்த மாமா வேறு ஆள்.

"அதுக்கு ஏன் இப்படிக் கத்துற? கைதான் போச்சு, காதா போச்சு?"

"காது இருந்தா போதுமா, கண்ணு வேணாமா?"

"உனக்கு இருந்துச்சே ரெண்டு கண்ணு? நேத்தே வந்து பாருன்னு கூப்பிட்டேனா இல்லையா? பாக்காமலே நல்லா இருக்குன்னு சொன்னது யாரு?"

அக்கா பழந்துணியை வண்டியின்மேல் வீசினாள். "ஆமா, அது என் தப்புதான்."

"உன் தப்புதான்!"

"தப்புன்னு ஒத்துக்கிட்டேன்ல, அப்புறம் என்ன மறுபடி மறுபடி?"

எதிர்வீட்டு ஜன்னல் படாரென்று திறந்தது. டெய்லர் தலையை நீட்டினார். கழுத்தில் அளவு டேப் தொங்கியது. எங்களிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல், உள்ளே திரும்பி, பிள்ளை பிறந்த சேதி சொல்வது மாதிரி தன் வீட்டுக்காரியைக் கூப்பிட்டார். "ஏய், இங்க வந்து பாரு! ஐஸ்பெட்டி வீட்ல சண்டை போடறாங்க!"

மாமா கைத்தடியைச் சுவரில் சாய்த்தார். கம்பியைப் பிடித்துத் தரையில் இறங்கினார். கையை நீட்டி, "குறடு," என்றார். அக்கா கொடுத்தாள். கிளிப்பைப் பிடுங்கி எடுத்ததும் இணைப்பு ஆடியது.

"உக்காரு," என்றார் அக்காவிடம். "இந்த ரெண்டு பக்கமும் பிடி."

நேற்று முழுவதும் பல்லால் லேஸைக் கடித்து இழுத்தாரே தவிர, இந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லவில்லை. அக்கா உட்கார்ந்து பிடித்தாள்.

"ஆடாமப் பிடி. ஆடாமன்னா ஆடாம."

"பிடிச்சுட்டுத்தான் இருக்கேன். உங்க மூஞ்சிய நகத்துங்க, வெளிச்சம் மறைக்குது."

டிக். இந்தத் தடவை மேல்வரிசையில், மீன் ஹெட்லைட்டைப் பார்த்தது. மாமா பின்னால் சாய்ந்து இடம் விட்டார். அக்கா சக்கரத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, கிளிப்பை நகத்தால் நெம்பிப் பார்த்து, பெரிய பல்சக்கரத்தின் நட்டு ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தாள்.

"இப்ப சரி."

"பாத்துட்டுச் சொல்றியா?"

"பாத்துட்டுத்தான் சொல்றேன். நல்லாத்தான் போட்டிருக்கீங்க."

அவள் கையெல்லாம் எண்ணெய்க் கறுப்பு. லேபுக்கு நேரமாகிவிட்டது என்று அதற்கும் அவரைத் திட்டிக்கொண்டே கழுவினாள், திட்டிக்கொண்டே ஏறி உட்கார்ந்தாள், திட்டிக்கொண்டே கிளம்பினாள். மாமா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டி தெரு முனை திரும்பி, மேம்பாலம் ஏறுகிற சத்தம் வரைக்கும் காது கொடுத்தார். கடக் சத்தம் வரவில்லை. என்ஜின் ஒரே சீராக ஏறி, தூரத்தில் கரைந்தது.

"ரொம்ப நாளாச்சு, சின்னவளே," என்றார். "உங்க அக்கா என்னைத் திட்டி."

அவர் கண் கலங்கியிருந்தது. நான் மறைக்கவெல்லாம் இல்லை, கேட்டருகிலேயே நின்று அழுதுவிட்டேன். டெய்லர் நல்ல மனுஷன், ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

கைப்பையை எடுக்க மாடிக்கு ஏறினேன். படுக்கைமேல் மாமா மடித்துக் கொடுத்த துணிகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே என் சட்டை, ஒரு கை வெளியே நீட்டிக்கொண்டு, காலர் உள்ளே போய், பார்க்கச் சகிக்கவில்லை. பழக்கதோஷம், என் விரல் அதைப் பிரிக்கப் போய்விட்டது. நிறுத்தினேன். சட்டையை அப்படியே எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, நாற்காலியில் இருந்த மாமாவின் மடியில் போட்டேன்.

"மாமா, இது மடிச்சதா, சுருட்டினதா?"

மாமா சட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"வாய் ரொம்ப நீண்டுபோச்சு உனக்கு," என்றார்.

சட்டையை உதறித் தொடைமேல் விரித்தார். வலது கையால் தன் இடது கையைத் தூக்கி, காலர் நகராமல் இருக்க அதன்மேல் வைத்தார். பிறகு முதலிலிருந்து மடிக்க ஆரம்பித்தார்.